மணவறைக் கதிரையும் ஆயிரத்து முந்நூறு கிலோவும்

ஜெர்மனியில் ஒருவன் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டி, அதுதான் கரவன், வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் போதும். அவன் எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் அந்த ஊரில் நம் சனத்துக்கு ஒரு சொந்தக்காரர் முளைத்துவிடுவார். அவருக்குக் கொடுத்தனுப்ப ஒரு மூட்டையும் முளைத்துவிடும். "கரவன் சும்மாதானே போகுது?" என்பார்கள். சும்மா போவதற்குத்தானய்யா அதை வாங்கினேன்!

என் அக்காவின் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். நாங்கள் எல்லோரும் எர்லாங்கனில். மாப்பிள்ளை வீட்டார் பிடித்த மண்டபம் ஸ்டுட்கார்ட்டில். வெல்டிங் வேலை செய்கிற அத்தான், மகளை வாடகைக் கதிரையில் இருத்தமாட்டேன் என்று சொல்லி, இரும்புச் சட்டத்தில் அன்னமும் தாமரையும் வைத்து மணவறைக்கு இரண்டு சிங்காசனம் செய்திருந்தார். யானை ஏறி இருந்தாலும் அசையாது.

"தம்பி, இது நேரத்துக்கு வந்திடோணும். பிள்ளை இதிலைதான் இருப்பன் எண்டு நிக்கிறாள்" என்றார் அத்தான்.

"யோசிக்காதேங்கோ அத்தான். என்ரை கார் ஆயிரத்தெண்ணூறு கிலோ இழுக்கும்."

காரின் பத்திரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. (கரவனுக்கும் தனியாக ஒரு பத்திரம் இருக்கிறது, அதிலும் ஒரு எண் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வெறும் இஞ்சினியர். எனக்கு எப்படித் தெரியும்?)

கல்யாணத்தன்று விடியக் கதிரைகளை ஏற்றி முடிப்பதற்குள் வாசலில் சனம். ஒரு அண்ணை ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் தம்பிக்கு அரிசி மூட்டைகள் கொண்டுவந்தார். ஒரு அக்கா தன் மச்சாளுக்கு கிரைண்டர் கொண்டுவந்தார். கல்லோடுதான். இன்னொருவர் பெட்டி நிறைய உறைந்த மீன். என் மனைவி சுகந்தி எல்லாவற்றுக்கும் "ஓம், தாங்கோ" என்று வாங்கிக் கரவனின் பின்பக்கத்தில் அடுக்கினாள். போதாததற்கு, வழியில் தேத்தண்ணி வைக்கவென்று அதிலிருந்த தண்ணீர்த் தாங்கியையும் நிரப்பினாள். தண்ணீரும் ஒரு பாரமா என்று நானே குழாயைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வேகம் எண்பதைத் தொட்டதும் கரவன் வாலை ஆட்டத் தொடங்கியது. நான் இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போனது. பின்னால் வந்த பொலிஸ் வண்டி இதைக் கண்டு, அடுத்த வாகனத் தரிப்பிடத்தில் எங்களை ஓரங்கட்டியது. ஒரு பெண் பொலிஸ், சக்கரங்களுக்குக் கீழே தராசுப் பலகைகளை வைத்தார்.

"இந்தக் கரவன் சாமானோடு சேர்த்து ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. இப்போது ஆயிரத்து நானூற்றைம்பது" என்றார்.

"என் கார் ஆயிரத்தெண்ணூறு இழுக்குமே!" என்று நான் கொதித்தேன்.

"கார் இழுக்கும். கரவன் தாங்காது. பாரத்தையெல்லாம் பின்னால் வைத்ததால்தான் ஆடுகிறது. கூடுதல் பாரத்தை இறக்கும் வரை வண்டி இங்கிருந்து நகராது."

முகூர்த்தம் மத்தியானம். நான் ஓடிப்போய் கிரைண்டரைத் தூக்கினேன். சுகந்தி கையைப் பிடித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? ஆக்கள் நம்பித் தந்த சாமானை ரோட்டிலை இறக்கலாமே? நாளைக்கு எந்த முகத்தோடை அவையளைப் பாக்கிறது?"

"அப்ப எதை இறக்கிறது?"

"எங்கடையை இறக்குங்கோ."

எங்களுடையது என்று அந்தக் கரவனில் பாரமாக இருந்தது தண்ணீரும் மணவறைக் கதிரைகளும்தான். தண்ணீரைத் திறந்துவிட்டோம். ஏற்கெனவே நிறைந்திருந்த காருக்குள் அடங்காத சிங்காசனங்களைப் புல்லில் இறக்கினோம். மிச்சத்தை முன்னுக்குத் தள்ளி மறுபடி எடை போட்டபோது கணக்குச் சரியாக வந்தது. கதிரைகளை அநாதையாக விடக்கூடாது என்று பொலிஸ் சொன்னதால் என்னையும் இறக்கினார்கள். "வான் அனுப்பிறன்" என்று சொல்லி, என்னை ஒரு படமும் எடுத்துக்கொண்டு, சுகந்தி அரிசியோடும் மீனோடும் கல்யாணத்துக்குப் போனாள். சொந்தத் தாய்மாமன் நான், பட்டு வேட்டியோடு, லொறிகளுக்கு நடுவில் சிங்காசனத்தில்!

ஒரு பஸ்ஸில் வந்த ஜெர்மன் முதியவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் கை குலுக்கி வாழ்த்திவிட்டு, மற்றக் கதிரை யாருக்கு என்று கேட்டார். அடிக்காமல் விட்டது என் நல்ல குணம்.

போன் அடித்தது. தர்ஷினி. "மாமா, ஐயர் கூப்பிடுறார். கதிரை எங்கை?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வருது பிள்ளை" என்றேன். வான் வரவில்லை. அது பூ எடுக்கப் போயிருந்ததாம்.

கரவனில் இருந்த மடக்குக் கதிரைகளில், பியர் வைக்க ஓட்டை வைத்த அந்தக் கதிரைகளில், இருத்தித்தான் பிள்ளைக்குத் தாலி கட்டினார்கள். பிந்தி வந்த வானில் நான் சிங்காசனங்களோடு போய் இறங்கியபோது சனம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தது. அத்தான் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அரிசி மூட்டைகளை வாங்கிக்கொண்ட, அந்த அண்ணையின் தம்பி மட்டும் பக்கத்தில் வந்து, "அண்ணை, ஒரு மூட்டை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு" என்றார்.

தர்ஷினியின் கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது, வெறும் கதிரைக்குப் பக்கத்தில் நான் இருக்க சுகந்தி அன்று எடுத்த படம்தான். போன கிழமை அவளுடைய சின்ன மகள் அதைப் பார்த்து, "அம்மா, மற்றக் கதிரையிலை ஆர் இருக்கிறது?" என்று கேட்டாள்.

"அது அரிசி மூட்டைக்கு விட்ட இடம், செல்லம்" என்றாள் தர்ஷினி. "மூட்டை மட்டும்தான் அம்மாவின்ரை கலியாணத்துக்கு நேரத்துக்கு வந்தது."