ஆண்டவர் சொன்ன ரிக்ளைனர்

இனிமேல் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்கும். சாதா நாற்காலி இல்லை, சாயும் நாற்காலி. அதில் நான் சாய்வேன். காலை நீட்டுவேன். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

இந்தச் சபதத்தை யாரிடம் செய்தாய் என்று கேட்பீர்கள். குளியலறைக் கண்ணாடியிடம்தான். குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டு, தணிந்த குரலில் செய்தேன். வீரம் வேறு, விவேகம் வேறு இல்லையா?

என் பிழைப்பைச் சொன்னால் என் ஏக்கம் உங்களுக்குப் புரியும். வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடையில் நான் விற்பனையாளன். உட்காரும் சாமான்களை நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிறேன். சோபாக்களுக்கு நடுவில் நின்றே கால் வீங்கி, இடுப்பும் விட்டுப்போன பிராணி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "உக்காந்து பாருங்க சார், எந்திரிக்கவே மனசு வராது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். நான் உட்காரக் கூடாது. அது கடை விதி. மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்.

உண்மையைச் சொன்னால் எங்கள் கடையில் விற்பது சாமான் இல்லை, 'போதாது' என்கிற எண்ணம். டேபிள் ஃபேன் வாங்க வந்த தம்பதி என் பேச்சைக் கேட்டு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கிக்கொண்டு போவார்கள். வாங்கிய ஜோரில் ஃபேனை மறந்துவிடுவார்கள். மறுநாள் வியர்க்க விறுவிறுக்க வருவார்கள். அப்போது ஏசியைக் காட்டுவேன். அப்பேர்ப்பட்ட ஆசாமி நான். ஆனால் வீட்டில் ஒரு முக்காலியைக்கூட என் இஷ்டத்துக்கு வாங்கிப் போட முடிந்ததில்லை.

காரணம், என் மனைவி.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவள் ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. பஞ்சை வைத்து, "கையை மடக்கிக்கோங்க" என்று சொல்லும்போதுதான் காரியம் முடிந்துவிட்டது என்று தெரியவரும். வீட்டு நிர்வாகமும் அதே கை. பக்தி நிறைய, கோபம் கிடையாது. நான் எதைக் கேட்டாலும் 'வேண்டாம்' என்று அவள் சொன்னதே இல்லை.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேங்க" என்பாள். தீர்ந்தது.

'வேண்டாம்' என்றால் சண்டை போடலாம். ஜெபிக்கிறேன் என்கிறவளோடு எவன் சண்டை போடுவான்? பெரிய டிவி ஜெபத்தில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் மெஷினும் ஜெபத்தில் இருக்கிறது. (பாத்திரம் கழுவுவது யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.) எங்கள் கடைக் குடோனில் இருப்பதைவிட என் மனைவியின் ஜெபத்தில்தான் சரக்கு அதிகம்.

ஒரே ஒரு தடவை அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். கண்ணால் பார்த்தால் ஆசை வரும் என்பது என் கணக்கு. நிதானமாக எல்லாத் தளமும் சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் நடுக் கடையில் நின்று, "எவ்வளவு சாமான்! இத்தனையும் இல்லாமலே நம்மளை நல்லா வச்சிருக்காரே, ஸ்தோத்திரம்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். மைக்ரோவேவுக்குப் பில் போட நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் ஒரு கணம் யோசித்தாள், பிறகு பையை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மானேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி வீட்டில் இருப்பவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் போய் நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"என்னம்மா, ஒரு விஷயம். நானும் ஜெபிச்சேன்."

கத்தி நின்றது. "நீங்களா?"

"நானேதான்."

"சாப்பாட்டுக்கு முன்னாடி பண்றதைச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. தனியா. முழங்கால் போட்டு."

"முட்டி வலிக்குதுன்னுல்ல சொல்லிட்டிருந்தீங்க?"

"முழங்கால் போட்டா வலிக்காதா பின்ன?"

அவள் முகத்தில் லேசான மரியாதை தெரிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்திராத சாமான் அது. தெம்பு வந்துவிட்டது. ஒரே போடாகப் போட்டேன்.

"பதிலும் வந்துடுச்சு."

"என்னங்க சொன்னாரு?"

"இளைப்பாறுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"சாஞ்சு இளைப்பாறுன்னாரு."

"எதுலன்னு சொன்னாரா?"

"ரிக்ளைனர்னு பேர் சொல்லல. சாயிற மாதிரி ஒரு நாற்காலின்னாரு. நம்ம கடையில அதுக்கு ரிக்ளைனர்னு பேரு. நானே புரிஞ்சுக்கிட்டேன்."

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். குறுக்கு விசாரணைக்கும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்! இதுக்குத்தாங்க நான் இத்தனை நாளா ஜெபிச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

என் இடுப்பு வலிக்காக இவள் ஜெபித்திருக்கிறாளா? நான் என்னமோ தந்திரம் பண்ணிக்கொண்டு அலைகிறேன், இவள் எனக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறாள்! வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் சந்தோஷம்தான் கொஞ்சம் கூட.

அடுத்து அவள் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே, எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"அது எவ்வளவு தூரம் சாயுங்க?"

"படுக்கையாவே ஆகிடும்."

"அவ்வளவு வேண்டாம். பாதியில நிக்குமா? தலை உசரமா இருக்கிற மாதிரி?"

"நிக்குமே! எங்க வேணும்னாலும் நிறுத்தலாம்."

"எந்திரிக்கும்போது?"

"கையை ஊணி எந்திரிக்க வேண்டியதுதான்."

"ஊணக் கையில பலம் வேணுமே. தானாத் தூக்கிவிடுற மாதிரி இல்லையா?"

"இருக்கும்மா. அது மோட்டார் வச்சது. விலை ஜாஸ்தி."

"பரவாயில்லைங்க. என் சேமிப்பையும் போட்டுக்கலாம். துணி உறை வேண்டாம், ஈரத்துணியால துடைக்கிற மாதிரி பாருங்க. மருந்து கிருந்து சிந்தினா கறை படியக் கூடாது."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். எனக்குப் பால் பாத்திரத்தோடு வந்து மடியில் விழுந்தது. மருந்து எதற்குச் சிந்தப்போகிறது என்று நான் யோசிக்கவில்லை. வாங்குகிறவன் மும்முரமாகக் கேள்வி கேட்டால் வியாபாரம் முடிந்த மாதிரிதான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்த நினைப்பிலேயே மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாளே வாங்கினேன். வாங்குகிறவன் என்ற உரிமையில் கேமராவுக்கு நேராக உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பிரிவு விற்பனையாளன் ஓடி வந்து, "எப்படி இருக்கு சார்?" என்றான். அவன் என்னை 'சார்' என்றது அன்றைக்குத்தான்.

நாற்காலி வீட்டுக்கு வரும் நாளில் லீவு போட்டேன். காலையிலேயே கூடத்தில் ஜன்னலோரம் இடத்தைக் காலி செய்து, தரையைத் துடைத்து வைத்தேன். குடியிருப்பில் எங்களுடையது இரண்டாவது மாடி. சுமை இறக்கும் ஆட்கள் இருவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்கள். நான் கதவின் இரண்டு பக்கமும் திறந்து, மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி நின்றேன்.

நாற்காலி என்னைக் கடந்து மேலே போயிற்று.

"அட, வீடு இதுதாம்ப்பா!" என்று கத்தினேன்.

"அம்மா மூணாவது மாடின்னாங்க சார்."

அவர்களுக்குப் பின்னால் என் மனைவி வந்துகொண்டிருந்தாள். "பார்த்து, சுவத்துல இடிச்சுடாதீங்க. இன்னும் ஒரு மாடிதான்" என்றாள்.

"என்னம்மா இது, நம்ம வீடு ரெண்டாவது மாடி!"

"அது தெரியாதாங்க எனக்கு? நீங்களும் வாங்க."

ஏறினேன். எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். எங்களுக்கு டிரைவர் அண்ணன், அக்கா. அவருக்கு நுரையீரலில் ஏதோ கோளாறு என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றபடி, தினமும் அந்த வீட்டில் நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டு, 'கொஞ்சமும் இங்கிதம் இல்லாதவர்கள்' என்று திட்டியிருக்கிறேன்.

உள்ளே போனதும் அந்தச் சத்தத்தின் காரணம் தெரிந்தது. சாப்பாட்டு மேஜையின் மேல் தலையணைகளை அடுக்கி, அதன் முன்னால் மர நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் குப்புறச் சாய்ந்திருந்தார். படுத்தால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். படுக்கையை விட்டே மாதக்கணக்காகிவிட்டது. கன்னத்தில் தலையணை உறையின் மடிப்பு பதிந்து கிடந்தது. பெரிய பஸ்ஸை ஓட்டிய மனிதர், நிமிர்ந்து எங்களைப் பார்க்கவே சிரமப்பட்டார்.

என் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"பில் உங்க பேருலதாங்க இருக்கு. கீழ கொண்டு போகணும்னா இப்பவே சொல்லிடுங்க. அக்காகிட்ட நான் சமாதானம் சொல்லிக்கிறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை."

வருத்தம் இல்லையாம்! பொறியில் எலியை விட்டுவிட்டு, கதவு திறந்துதான் இருக்கிறது என்கிறாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் நாற்காலியைப் பார்த்தார். ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. நமக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டுப் பார்த்தார். கடையில் அப்படிப் பார்க்கும் ஆளை நான் விடவே மாட்டேன்.

வாயைத் திறந்தேன். கீழே கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் திறந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பாழாய்ப்போன தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"உக்காந்து பாருங்கண்ணே" என்றேன்.

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பட்டனில் விரலை வைத்ததும் அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"படுக்க வச்சிடாதீங்க தம்பி. மூச்சு முட்டிடும்."

"படுக்காதுண்ணே. பாதியில நிக்கும். போதும்னு நீங்க சொல்ற இடத்துல நிறுத்திடுவேன்."

மோட்டார் மெல்ல முனகியது. முதுகு கொஞ்சம் சாய்ந்தது. கால் கொஞ்சம் உயர்ந்தது. "போதும்" என்றார். நிறுத்தினேன். ஒரு மூச்சு இழுத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அதைவிட நீளமாக. என் மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது.

"யாரும்மா அனுப்பினது இதை?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"ஆண்டவர்தாண்ணே. இவர்கிட்டதான் சொல்லியிருக்காரு."

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்ககிட்டயா தம்பி... நான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கூப்பிய கை மார்பிலேயே இருக்க, தூங்கிப்போய்விட்டார்.

சுமை தூக்கி வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் வெளியேறினார்கள். அக்கா அவர் காலில் ஒரு போர்வையைப் போட்டார். கொஞ்ச நேரம் நின்றார். செய்ய வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் தலையைச் சாய்த்தார். அவரும் தூங்கிவிட்டார். அண்ணன் தூங்காத நாளெல்லாம் அக்காவும் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயமாகக்கூட இருந்தது. நான் அளந்தது பச்சைப் பொய். என் இடுப்புக்காக, என் சொகுசுக்காக, ஆண்டவர் பேரைச் சொல்லி அளந்த பொய். அது என் கண் முன்னால் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ வீட்டுக்கு எத்தனையோ சாமான் விற்றிருக்கிறேன். வாங்கினவன் நிம்மதியாகத் தூங்கினானா என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

மாடிப்படி இறங்கும்போது அடக்க முடியவில்லை.

"என்கிட்ட யாரும் பேசலம்மா. ஆண்டவர் சொன்னாருன்னது சும்மா புளுகு."

"தெரியுங்க."

"தெரியுமா? அப்புறம் எதுக்கு ஸ்தோத்திரம் சொன்ன? கண்ணெல்லாம் கலங்கினியே?"

"கலங்காம? அண்ணனுக்குச் சாயிற நாற்காலி ஒண்ணு வேணும்னு நானும் அக்காவும் கேட்டுக்கிட்டே இருக்கோம். அன்னைக்குக் காலையில சர்ச்சுல அழுதுட்டு வர்றேன். வந்து காய் நறுக்க உக்கார்றேன், நீங்க வந்து நின்னு சாயிற நாற்காலிங்கறீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"என்கிட்டயே நேராக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். கடைக்காரன் புத்தியோடு தள்ளுபடி விவரம் சொல்லி, பழைய மாடல் ஏதாவது வரட்டும் என்று தட்டிக் கழித்திருப்பேன். அவள் பின்னால் இறங்கினேன். இவளோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இவள் யார் என்று தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று மலைப்பாக இருந்தது.

ஆனாலும் நானும் மனுஷன்தானே. நாற்காலி போயிற்று, சேமிப்பு போயிற்று, கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சட்டும் என்று கடைசியாக முயன்றேன்.

"அப்படின்னா ஒண்ணு ஒத்துக்கோ. நான் பொய்யாச் சொன்னாலும் ஆண்டவர் என் மூலமாத்தான் பேசியிருக்காரு. இத்தனை பேர் இருக்க, என் வாயைல்ல தேர்ந்தெடுத்திருக்காரு!"

அவள் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"அதுல என்னங்க அதிசயம்? பைபிள்லயே இருக்கே, ஒரு காலத்துல கழுதை வாயாலயே பேசினவருங்க அவரு."