ஹோய், கொட்ஃப்ரீட்

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் பாதிப்பேரை என் செஃப்புக்கு, அதாவது முதலாளிக்கு, சிநேகிதமாக்கியவன் நான். அவருக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. அவர்களில் பலருக்கும் இருக்கவில்லை. ஒரே பிற்பகலில், ஒரு கணினியின் உதவியோடு இதைச் செய்து முடித்தேன்.

கணினி பிழை விடாது என்று அதைக் கொண்டுவந்து இறக்கிய விற்பனையாளர் சொன்னார். அவர் சொன்னதை மறுக்க இன்றுவரை என்னிடம் ஆதாரம் இல்லை. நான் சொன்னதை அது அப்படியே செய்தது. சொல்பவனுக்கு ஏதாவது தெரியுமா என்று மட்டும் அது கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குபவனாக இருந்தவன் நான். அச்சுக்குப் போகிற தாளில் ஒரு பிழையாவது பிடிக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. எம்மன்புரூக்கேயில் ஒரு கட்டட நிறுவனத்தின் முற்றத்தில் கொங்கிரீட் பலகைகளைச் சுரண்டிக் கழுவும் வேலை கிடைத்தது. (பலகையில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. சீமெந்து ஒட்டியிருக்கும், சுரண்ட வேண்டும், அவ்வளவுதான்.)

பனி கொட்டத் தொடங்கினால் கட்டட வேலை நின்றுவிடும். முற்றத்துக்குக் கடைசியாக வந்தவனை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசியாக வந்தவன் நான். வேலை போனால் இன்னொரு முதலாளியைப் பிடித்து, அவர் எனக்காகக் கன்ரோன் என்கிற மாநில அரசின் அலுவலகத்தில் மறுபடி அனுமதி கேட்டு, அது வரும்வரை அறைக்குள் இருந்து கூரையைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்பதே அப்போது என் ஒரே யோசனை.

அந்த நிலையில்தான் செஃப் முற்றத்துக்கு வந்து, தட்டச்சு தெரிந்தவர்கள் யாரும் உண்டா என்று கேட்டார். கையை உயர்த்தினேன். கணினி தெரியுமா என்று கேட்டார். அந்தக் காலத்தில் ஜெர்மன் மொழியில் கேட்கப்படும் எல்லாக் கேள்விகளுக்கும் 'யா' (ஆம்) என்றுதான் பதில் சொல்வேன். அதற்கும் அதையே சொன்னேன். குளிர்காலக் கடிதங்களை ஒழுங்காக அனுப்பி முடித்தால் வசந்தம் வரை கந்தோருக்குள் மேசை வேலையில் வைத்திருப்பதாக அவர் சொன்னார்.

இரவு இதை அறிவித்தபோது கந்தன் அண்ணை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அறையில் என்னோடு இருந்தவர். ஒரு ரெஸ்ரோறண்டில் சட்டி கழுவினார்.

"கொம்பியூட்டரோ? உனக்குக் கல்குலேட்டரே ஒழுங்கா அமத்தத் தெரியாது."

"பழகலாம் அண்ணை."

"பிழைச்சுதெண்டா?"

"பிழைக்காது. அது பிழை விடாதாம்."

"நான் உன்னைக் கேட்டனான்."

குளிர்காலக் கடிதம் என்பது வேறொன்றுமில்லை. வேலைத்தளம் எப்போது மூடும், எப்போது திறக்கும், பாதையில் பனியை யார் அள்ளுவது, ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எங்கள் கந்தோர்க் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். வாடிக்கையாளர், கட்டடக் கலைஞர், மணல் ஏற்றுபவர், வேலைத்தளத்தின் அயலவர் எல்லோருக்கும் அது போகும். ஆண்டுதோறும் திருமதி ஹெல்லர் அதை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துவந்தார். அவர் செஃப்பின் செயலாளர். செஃப்புக்குத் தலைமயிர் இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை பார்ப்பவர். கணினி வந்த அன்று அதன்மேல் பின்னல் துணி ஒன்றைப் போட்டு மூடியவர், பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை. அது அனுப்பும் கடிதங்களையும் தான் வாசிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

ஆகவே அவருடைய முகவரி அட்டைகளை நான் கணினிக்குள் ஏற்றினேன். கடிதத்தை ஒருமுறை எழுதினால் போதும். பெயர் வரவேண்டிய இடங்களில் கணினி தானாகவே ஒவ்வொருவரின் பெயரையும் போட்டு அச்சடிக்கும். விற்பனையாளர் மாதிரிக் கடிதத்தை ஆயத்தமாக்கியிருந்தார். செஃப் அதை வாசித்து, நல்லது என்று சொல்லி, தன் கையொப்ப முத்திரையை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் பிழை பார்க்கத் தொடங்கினேன்.

'மதிப்புக்குரிய திரு' என்பதற்குப் பக்கத்தில் குடும்பப் பெயர் வரும்படி விற்பனையாளர் அமைத்திருந்தார். எனக்குத் திக்கென்றது. குடும்பப் பெயர் என்றால் என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அகதி விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குள் என் அப்பாவின் பெயரைத்தான் எழுதினார்கள். அன்றிலிருந்து கந்தோர்களிலும் முற்றத்திலும் நான் 'திரு வைத்திலிங்கம்'. என் பெயர் சிவபாலன். வைத்திலிங்கம் ஓய்வுபெற்ற தபாலதிபர். யாழ்ப்பாணத்தில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். யாராவது 'திரு வைத்திலிங்கம், அந்தப் பலகையைத் தூக்குங்கள்' என்று சொன்னால் அப்பா எழும்பி வந்து தூக்குவதுபோல் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமென்றால் அவனுடைய தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அதற்காக மூக்குகள் உடைந்திருக்கின்றன.

வெளிநாட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கந்தோர்கள் இப்படிச் செய்கின்றன என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆதாரமும் வைத்திருந்தேன். முற்றத்தில் செஃப் ஒவ்வொரு காலையும் 'ஹோய் புரூனோ, ஹோய் செப்' என்று அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்? (கவனித்தது சரி. பத்திரிகைக் கண். முடிவுதான் பிழை.)

கந்தன் அண்ணையிடமும் கருத்துக் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒருத்தனுக்குக் கடிதம் எழுதேக்கை தேப்பன்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறதோ? உதென்ன மரியாதை? மாத்து."

மாற்றினேன். குடும்பப் பெயரை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரைப் போட்டேன். அடுத்த சிக்கல், 'பேயாற்', 'ஊர்ஸ்' என்பவை ஆண் பெயரா பெண் பெயரா என்று எனக்குத் தெரியவில்லை. திருவா திருமதியா என்று பிழைவிட்டு நிறுவனத்தின் மானத்தை வாங்கக்கூடாது. ஆகவே இரண்டையும் நீக்கி, செஃப்பே தன் வாயால் தினமும் சொல்லும் வணக்கத்தைப் போட்டேன்: ஹோய். கடைசியில், கையெழுத்துக்குக் கீழேயும் செஃப்பின் தகப்பன் பெயர் இருப்பதைக் கண்டு அதையும் வெட்டினேன். 'அலோயிஸ்' என்று மட்டும் நின்றது. பார்க்க அழகாக இருந்தது.

பிறகு அச்சு இயந்திரம் கரகரவென்று பிற்பகல் முழுவதும் அலறியது. தாள்களின் துளையிட்ட ஓரங்களைக் கிழித்து, முத்திரை குத்தி, மடித்துத் தபாலில் சேர்த்தேன். திருமதி ஹெல்லர் வாரக்கணக்கில் செய்யும் வேலை இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்குக் கந்தன் அண்ணைக்கு நான் கோழி வாங்கிக் கொடுத்தேன்.

இந்த நாட்டில் ஒருவரைச் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பது ஒரு சடங்கு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. முற்றத்துத் தொழிலாளர்களுக்குள் அது சாதாரணம். மற்றவர்களுக்குள் அது ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகு நடப்பது. வயதில் மூத்தவர் கிளாசைத் தூக்கித் தன் பெயரைச் சொல்வார். இளையவர் தன் பெயரைச் சொல்வார். கிளாஸ்கள் மோதும். அதற்குப் பிறகு திரும்பிப்போக வழியில்லை. கலியாணத்துக்காவது விவாகரத்து இருக்கிறது.

முதலில் தொலைபேசியில் வந்தவர் ஒரு கட்டடக் கலைஞர். நாங்கள் இருவரும் எந்தக் காலத்தில் ஒன்றாகப் பன்றி மேய்த்தோம் என்று கேட்டாராம். அவர் காலையிலேயே குடித்திருக்கிறார் என்று செஃப் எங்களுக்குச் சொன்னார். அடுத்து ஒரு விதவை, சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஆப்பிள் கேக்கோடு செஃப்பின் வீட்டுக்கே போய் "அலோயிஸ் நிற்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார். கதவைத் திறந்தது செஃப்பின் மனைவி. மணல் ஏற்றுபவர் கந்தோருக்குள் வந்து செஃப்பின் முதுகில் தட்டினார். செஃப்புக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை, சனங்கள் சந்தோசமாக இருப்பதற்குக் கடிதம்தான் காரணம் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது திருமதி ஹெல்லர் கோப்பியோடு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். கழுத்தில் முத்துமாலை.

"கோப்பி, அலோயிஸ்," என்றார்.

முகவரிப் பெட்டியில் அவருடைய அட்டையும் இருந்திருக்கிறது. ஒரு வேலைத்தளத்துக்கு அவரும் அயலவர். 'ஹோய் மார்க்ரிட்' என்று தொடங்கும் கடிதத்தை அவர் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். செஃப் அதை வாசித்தார். தன் முத்திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் ஒளிக்கவில்லை. மாதிரிக் கடிதத்தில் பாரதூரமான பிழை இருந்ததையும், அதை நானே கண்டுபிடித்துத் திருத்தியதையும் விளக்கினேன். பாராட்டுக்காகச் சற்று இடைவெளி விட்டேன் என்றும் நினைக்கிறேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "போர்ட்மனுக்கும் போயிற்றா?"

"எல்லோருக்கும் போயிற்று. கணினி ஒருவரையும் தவறவிடாது."

செஃப் கதிரையில் இருந்துவிட்டார். கொட்ஃப்ரீட் போர்ட்மன் எங்கள் அடுத்த பெரிய வேலைத்தளத்தின் அயலவர். கட்டப்போகும் அடுக்குமாடி தன் ஆப்பிள் மரங்களுக்கு வெயிலை மறைக்கும் என்று நகரசபையில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தார். அது இருக்கும்வரை அத்திவாரம் தோண்ட முடியாது. வசந்தத்தில் யாருக்கும் வேலை இல்லை. இருவரும் ஒரே பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுபவர்கள். பாட்டைத் தவிர வேறு ஒன்றுக்கும் ஒருவர் முன்னால் மற்றவர் வாய் திறப்பதில்லை. போர்ட்மன் வயதில் மூத்தவர் வேறு.

கிழமை முடிவில் வந்து கணக்கு முடித்துக்கொள்ளும்படி செஃப் என்னிடம் சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கந்தன் அண்ணை முழுவதையும் கேட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்து சிரித்தார். "தேப்பன் பேரை மாத்தச் சொன்னது நீங்கள்தானே?" என்றேன். "நான் மாத்தச் சொன்னனான். ஊரையே சம்பந்தியாக்கச் சொன்னனானோ?" என்றார். பிறகு எழும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டி கழுவ ஆள் கேக்கினம். சொல்லி வைக்கிறன்," என்றார்.

கணக்கு முடிக்கப் போன அன்று செஃப்பின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவர் என் தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. தடித்த கம்பளிக் கோட்டோடு ஒரு கிழவர். கையில் பழச்சாராயப் போத்தல். திருமதி ஹெல்லர் தட்டச்சை நிறுத்தினார். அதிலிருந்து வந்தவர் யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

போர்ட்மன் போத்தலை மேசையில் வைத்தார்.

"உன் கடிதம் வந்தது, அலோயிஸ்," என்றார். "நான்தான் மூத்தவன். நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை."

செஃப் என்னைப் பார்த்தார். பெற்றோல் பீப்பாய்க்குப் பக்கத்தில் நெருப்புக்குச்சியோடு நிற்பவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிழை திருத்துகிற ஆசை என் வாழ்க்கையில் முதல்முறையாக அடங்கிக் கிடந்தது.

"கொட்ஃப்ரீட்," என்றார் செஃப், பல்லுப் பிடுங்கக் கொடுப்பவனைப்போல. ஆனால் சொல்லிவிட்டார்.

திருமதி ஹெல்லர் கிளாஸ்களோடு வந்தார். மேல்மாடியைச் சற்று உள்ளே தள்ளிக் கட்டினால் மரங்களுக்கு வெயில் விழும் என்று இருவரும் மேசையில் கிடந்த ஒரு தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டார்கள். (அந்தத் தாள் என் கணக்கு முடிக்கும் தாள். பிறகு யாரும் அதைத் தேடவில்லை.) மூன்றாவது ஊற்றலில் போர்ட்மன் என்னைக் கவனித்து, இவர் யார் என்று கேட்டார்.

"இவர்தான் கணினி," என்றார் செஃப்.

"பெயர்?"

"திரு வைத்திலிங்கம்."

"ஊரெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய். கூட வேலை செய்கிறவனை மட்டும் ஏன் திரு?"

வேறு வழியில்லாமல் செஃப் எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றித் தன்னுடையதைத் தூக்கினார். "அலோயிஸ்."

"சிவபாலன்," என்றேன்.

இனி நான் அவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். மூவரும் காத்திருந்தார்கள். சம்பளம் தருகிற, வயதில் மூத்த மனிதர். அவருடைய பெயரை மொட்டையாகச் சொல்ல என் வாய் வளையவில்லை. ஒரு நகரத்துக்கே அதைத் துணிந்து செய்தவனுக்கு நேரில் முடியவில்லை.

"அலோயிஸ் அண்ணை," என்றேன்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கந்தோருக்குள் இருந்தேன். கடிதம் ஒவ்வொன்றையும் திருமதி ஹெல்லர் வாசித்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. கட்டடக் கலைஞர் கடைசிவரை மன்னிக்கவில்லை. சிவப்புக் கோட்டு விதவை பற்றி செஃப்பின் வீட்டில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றும் செஃப் ஒவ்வொரு நத்தாருக்கும் எங்களுக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை அனுப்புகிறார். கீழே, தன் கையால், ஜெர்மன் எழுத்தில், 'அலோயிஸ் அண்ணை' என்று எழுதுவார். லுட்சேர்னில் பிறந்த என் மகள் அந்த அட்டைகளைப் பார்த்தே வளர்ந்தவள். போன வருடம் தன் கலியாணத்துக்கு அழைப்பிதழ்களைக் கணினியில் அடித்தபோது அவருக்கும் ஒன்று ஆயத்தமாக்கினாள். உறையைத் தற்செயலாகப் பார்த்தேன். மிகுந்த மரியாதையோடு, பிழையில்லாத ஜெர்மன் மொழியில், 'மதிப்புக்குரிய திரு அண்ணை' என்று இருந்தது.

திருத்துவதற்குக் கை வந்தது. விட்டுவிட்டேன்.