பச்சை மை மகாத்மியம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அரங்கில் நிற்க இடமில்லை. சினிமா நடிகர் யாரும் வரவில்லை. வந்தவர் ‘சட்டப்புலி’. வருமான வரி கட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதைக் கண்டுபிடித்த மேதை. இத்தனை ஆண்டுகளாக நீதிபதிகள் கண்ணில் படாதது இவர் கண்ணில் மட்டும் பட்டதற்குக் காரணம் உண்டு. நீதிபதிகள் சட்டம் படித்திருந்தார்கள்.

கூட்டத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். முன்வரிசையில் ஒரு பல் டாக்டர். பக்கத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவருக்குப் பக்கத்தில் என் மாமா. தாயத்து கட்டிய ஆளைப் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ரகம். ஆனால் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு பச்சை மைப் பேனா. புலியிடமே வாங்கியது. கடையில் விற்கிற பச்சைக்குச் சக்தி கிடையாதாம்.

புலியின் தத்துவம் எளிது. நீல மையில் போட்ட கையெழுத்து வெறும் பெயரைத்தான் கட்டும்; உயிருள்ள மனிதனைக் கட்டாது. நோட்டீஸ் வந்தால், அதன் குறுக்கே பச்சை மையில் ‘சம்மதமில்லை’ என்று எழுதி, மூலையில் கட்டைவிரல் ரேகை வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அரசாங்கம் வாயடைத்துப் போய்விடும்.

மாமாவுக்கு லேத் பட்டறை. மயிரிழை அளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கி எறிகிற மனிதர். முதல் நோட்டீஸுக்குப் பச்சை அடித்தார். இரண்டாவதற்கும் அடித்தார். மூன்றாவது நோட்டீஸில் புதன்கிழமை லேத் ஜப்தி என்று இருந்தது.

“பாத்தியா, நடுங்கிப் போயிட்டானுங்க! அதான் திரும்பத் திரும்ப எழுதுறானுங்க” என்றார் மாமா.

அத்தைக்குத் தையல் கடை. வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “நடுங்குறவன் உங்க மெஷினைத் தூக்கிட்டுப் போறேன்னு எழுதுவானா? ரெண்டு தடவை போட்டுப் பாத்து பத்தாத சட்டையை மூணாவது தடவையும் மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க.”

“உனக்குச் சட்டம் தெரியாது.”

“துணி தெரியும். ட்ரயல் பாக்காம எதையும் எடுக்க மாட்டேன். நானும் வர்றேன்.”

அப்படித்தான் மூவரும் அரங்குக்கு வந்தோம். அன்று ‘இறுதிப் பிரகடனம்’ வழங்கும் நாள். அதை வாங்க மீதிக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அந்தத் தொகையில் லேத்துக்குப் புது மோட்டார் போடலாம்.

புலி மேடையிலிருந்து உறுமினார்: “உங்க சம்மதம் இல்லாம உங்ககிட்ட ஒரு பைசா வாங்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது!”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா பணக்கட்டோடு எழுந்தார். அத்தை அந்தக் கட்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டாள். மாமாவின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். கட்டணச் சீட்டின் குறுக்கே ஏதோ எழுதினாள். மாமாவின் கட்டைவிரலைப் பிடித்து அதே பேனா மையைத் தடவி மூலையில் ஒரு குத்து. நேரே மேடையேறிச் சீட்டைப் புலியின் கையில் கொடுத்தாள்.

“என்னம்மா இது?”

“சம்மதமில்லைங்க. பச்சை மை. ரேகை. எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே.”

மைக் திறந்தே இருந்தது. அரங்கம் கேட்டது.

“விளையாடாதீங்கம்மா. மீதியைக் கட்டித்தான் ஆகணும். சேரும்போது உங்க வீட்டுக்காரர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கார்!”

“எந்த மையில?”

புலி ஃபைலைப் புரட்டினார். பார்த்தார். மூடினார்.

“சும்மா சொல்லுங்கய்யா” என்றார் கணக்கு வாத்தியார்.

“…நீலம்.”

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். புலிக்கு முகம் சிவந்தது.

“கோர்ட்டுக்கு இழுப்பேன்! என்ன நினைச்சீங்க? நாட்டுல சட்டம்னு ஒண்ணு இருக்கு!”

“அதைக் கேக்கத்தாங்க இவ்வளவு பேரு டிக்கெட் வாங்கி வந்திருக்கோம்” என்றாள் அத்தை. “இருக்கா, இல்லையா?”

மாமா மெதுவாக வாயைத் திறந்தார். “ஐயா… நீங்க வரி கட்டுறீங்களா?”

புலி தண்ணீர் குடித்தார். பதில், மேடையோரம் பணம் வாங்கிக்கொண்டிருந்த அவருடைய மச்சானிடமிருந்து வந்தது. முதலாளியின் மானத்தைக் காப்பாற்றுகிற வேகத்தில் எழுந்து நின்று சொன்னார்: “யாரைப் பாத்து என்ன கேக்கிறீங்க? எங்க அத்தான் ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல! போன வாரமே கட்டியாச்சு. லேட்டானா அபராதம் போட்டுருவாங்கல்ல?”

அதன் பிறகு அங்கே பேச்சு இல்லை, நாற்காலிகள்தான் பேசின. புலி பின்வாசல் வழியாகப் பூனையாகப் போனார்.

மறுநாள் காலை மாமாவும் நானும் வரி அலுவலகத்தில் நின்றோம். அந்த அதிகாரியம்மா தலையை நிமிர்த்தவேயில்லை. “பச்சையா? மூணாவது அலமாரி.” அலமாரி நிறையப் பச்சைக் காகிதங்கள், கட்டைவிரல்கள். சம்மதமில்லாத உயிருள்ள மனிதர்கள் அத்தனை பேரும் அகர வரிசையில் இருந்தார்கள். மாமா அபராதத்தோடு ஆறு தவணை கேட்டு விண்ணப்பம் எழுதினார். நீல மையில். லேத் தப்பியது.

கதை இத்தோடு முடிந்தால் நம் மக்களுக்கு இழுக்கு. அடுத்த ஞாயிறு, ஊரின் மறுகோடியில், அதே புலிக்கு இன்னும் பெரிய அரங்கம். போன தடவை தோற்றதற்கு மையின் நிறம்தான் காரணமாம். இப்போது ஊதாப் பேனா விற்கிறார். முன்வரிசையில் பல் டாக்டர்.

வரிக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒளித்து வைக்கிறவர்கள் மூளையையும் சேர்த்தே ஒளித்து வைத்துவிடுகிறார்கள். அதை மட்டும் வெளியே எடுங்கள், ஐயா. யோசிப்பதற்கு இதுவரை எந்த அரசாங்கமும் வரி போடவில்லை.