ஜனவரியில் சாரம்

வீட்டைச் சூடாக்க வேண்டிய வெப்பப் பம்பு குகநேசனின் வழுக்கைத் தலையில் குளிர்காற்றை ஊதியது.

ரிமோட்டை அமுக்கினார். இலக்கம் முப்பது வரை ஏறியது. வீடு மட்டும் ஏறவில்லை. இன்னும் சற்று நேரத்தில் நோர்வேயின் மறு கரையிலுள்ள பேர்கன் நகரிலிருந்து அண்ணர் சண்முகலிங்கம் வந்து இறங்கிவிடுவார். “ரொம்மனுக்கு வந்து பாருங்கோ அண்ணை, எங்கடை வீட்டிலை ஜனவரியிலும் வெறும் சாரத்தைக் கட்டிக்கொண்டு இருக்கலாம்” என்று போனில் புளுகித் தள்ளியவர் குகநேசன்தான். சின்ன வயதிலிருந்தே அண்ணர் முன்னால் அவர் சொன்ன எதுவும் உருப்பட்டதில்லை. இன்றைக்காவது ஒருமுறை வெல்ல வேண்டும். அவருடைய மானம் இப்போது சுவரில் தொங்கிய பம்பின் வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது.

“கொண்ணர் எத்தினை நாள் நிப்பார்?” என்று கேட்டாள் மனைவி வசந்தமலர்.

“விருப்பமான மட்டும் நிக்கட்டும். எங்கடை வீடுதானே!”

“ஓம். போனமுறை ஒரு மாதம் நிண்டவர். ஒவ்வொரு இரவும் இடியப்பம்.”

சொல்லிக்கொண்டே அவள் பெட்டிக்கு நேர் கீழே இருந்த சுவாமித் தட்டில் காலையிலிருந்தே எரிந்த குத்துவிளக்கில் இன்னொரு திரியையும் ஏற்றினாள்.

“நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ. நான் பிள்ளையாரிட்டைச் சொல்லுறன்.”

குகநேசன் கேத்திலோடு வெளியே போனார். பம்பின் வெளிப்பெட்டி உறைபனி பூசி நின்றது. கொதிதண்ணீரை ஊற்றினார். பனி உருகிப் படிக்கட்டுக்கு ஓடியது, ஓடிய கையோடு கண்ணாடியாக உறைந்தது. வெற்றியோடு திரும்பியவர் அதில் கால் வைத்துச் சறுக்கி, இருந்த வாக்கிலேயே கீழ்ப்படி வரை வந்து சேர்ந்தார்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தால், வீடு முன்னையைவிடக் குளிர்ந்தது. குத்துவிளக்கின் பக்கத்தில் இப்போது சின்னச் சின்ன மண் சிட்டி விளக்குகளும் எரிந்தன.

“மைனஸ் பதினைஞ்சிலை வெளியிலை நிண்டால் அதுக்கும் குளிராதோ?” என்றார் குகநேசன். தடித்த போர்வை ஒன்றை எடுத்துப்போய் வெளிப்பெட்டியைக் காதோடு சேர்த்துப் போர்த்திக் கட்டினார். பெட்டி முனகியது, குலுங்கியது, போர்வையின் ஒரு மூலையைக் கடித்து இழுத்தது. அதன் வாயிலிருந்து போர்வையைப் பிடுங்க அவர் பட்டபாட்டைப் பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் யன்னலில் நின்று ரசித்தார்.

அடுத்தது உட்பெட்டியின் தூசி வடிகட்டி. கழுவிப் பூட்டக் கதிரையில் ஏறியவர் கீழே பார்த்தார்.

“மலர், இந்த விளக்குகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டோ?”

“சுவாமி விளக்கிலை கை வைக்காதேங்கோ!”

அவள் இன்னும் நாலைந்தைக் கொளுத்தினாள். குகநேசனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. தன் அண்ணருக்காக இவள் இவ்வளவு உருகுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அந்த உருக்கத்தில் வடிகட்டியை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ள, காற்றைத் திருப்பும் தகடு முறிந்தது. குளிர்காற்று இப்போது நேரே சோபாவுக்கு அடித்தது.

அழைப்புமணி ஒலித்தது. சொன்ன சொல் சொல்தான் என்று குகநேசன் சாரமும் பெனியனுமாகக் கதவைத் திறந்தார்.

சண்முகலிங்கம் சோபாவில் இருந்தார். கோட்டைக் கழற்றவில்லை. சிறிது நேரத்தில் தொப்பியையும் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, உனக்குக் குளிரேல்லையோ?”

“இ... இல்லை அண்ணை. நல்ல வெக்கை.”

“அப்ப ஏனடா பல்லு அடிக்குது?”

“உங்களைக் கண்ட சந்தோசம் அண்ணை.”

அண்ணர் தேநீரை ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குள் அது ஆறிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

“குரோருட்டிலை எங்கடை ஊர் ஸ்ரீதரன் வீட்டிலை விறகடுப்பு இருக்கு. நான் அங்கையே நிக்கிறன். நீ முதல்லை ஒரு ஸ்வெட்டரைப் போடு.”

“ஐயோ அத்தான், இடியப்பத்துக்கு மா எல்லாம் அவிச்சு வைச்சனான்!” என்று வசந்தமலர் பதறினாள். பதறியபடியே அவருடைய சப்பாத்தையும் எடுத்து வந்து வைத்தாள்.

கதவு சாத்தியதும் குகநேசன் சோபாவில் விழுந்தார். கண் கலங்கியது. இந்த வயதிலும் அண்ணரிடம் தோற்றது அவரை நன்றாக வருத்தியது. வசந்தமலர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒரு உறுமல் கேட்டது. முறிந்த தகட்டுக்குள்ளிருந்து இதமான சூடு வந்து அவர் முகத்தில் பட்டது. குகநேசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

“மலர்! பிள்ளையார் கண் திறந்திட்டார்! அண்ணை இன்னும் பஸ் தரிப்பிடத்திலைதான் நிப்பார், இப்பவே கூப்பிடுறன்!”

போனைத் தேடி அவர் மேசையைக் கிளறினார். இவ்வளவு நேரமும் மூலையில் கணினியோடு இருந்த மகள் நிருஜா, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“கூப்பிடாதேங்கோ அப்பா, பெரியப்பா திரும்பி வந்தால் அம்மாவும் திரும்ப விளக்குக் கொளுத்துவா, கீழை விளக்கு எரிஞ்சால் வீடு சூடாயிட்டுதெண்டு நினைச்சு மிஷின் சூட்டை நிப்பாட்டிப்போட்டுக் குளிர்காத்தை ஊதும் எண்டு போன வருசமே மெக்கானிக் அம்மாவுக்குச் சொன்னவர்.”