தொண்ணூற்று நாலாவது நிமிஷம்

கண்ணாடிக்காரர் அன்று காலை பல் விளக்கும்போதே ஒரு சபதம் எடுத்தார். வாயில் நுரையோடு எடுத்ததால் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடியும் எடுத்தார்.

"சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும் ஸ்கோர் என் காதுல விழக்கூடாது. வானமே இடிஞ்சு விழட்டும், ஸ்கோர் விழக்கூடாது!"

விஷயம் இதுதான். அன்று மதியம் மூன்று மணிக்கு லீக் கால்பந்தின் இறுதி ஆட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கத்துத் துறைமுக அணிக்கும் அந்தப் பக்கத்து ஆலை அணிக்கும். துறைமுகம் என்றால் நம்மவருக்கு உயிர். அந்த உயிர் கோப்பையைத் தொட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்த நேரம் பார்த்து, அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளி, அதே ஞாயிற்றுக்கிழமை மதியம் இலவசக் கண் பரிசோதனை என்று தெருவெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கடையில் கண் பார்க்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். லீவு கேட்டுப் பார்த்தார். "பந்தைப் பார்த்துக்க இருபத்திரெண்டு பேர் இருக்காங்க. நீ கண்ணைப் பாரு" என்று முதலாளி முடித்துவிட்டார்.

அதனால் ஒரு திட்டம் போட்டார். ஆட்டத்தை டி.வி. தானே பதிவு செய்துகொள்ளும். இவர் ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளையாக வீடு திரும்பி, முதல் விசிலிலிருந்து, நேரில் நடப்பதுபோலவே பார்ப்பார்.

"நீயும் சத்தியம் பண்ணு" என்றார் மனைவியிடம். "யார் வந்து என்ன சொன்னாலும் என்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"எனக்கெதுக்குங்க சத்தியம்? பந்து உருண்டா எனக்கென்ன, உருளாட்டி எனக்கென்ன?"

"அதெல்லாம் கிடையாது. தலையில அடிச்சுச் சொல்லு."

"யார் தலையில?"

"என் தலையிலதான்!"

அடித்தாள். கொஞ்சம் பலமாகவே பட்டது. இரண்டு வருஷத்துக் கோபம் அதில் இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஏனென்றால் அவள் தையல்காரி. தெருவுக்கே தையலம்மா. அவளுடைய தையல் மெஷின் எங்கே இருக்கிறது தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்தில். எண்ணெய் தெறித்து வீணாய்ப்போன துணி எத்தனையோ. இவ்வளவுக்கும் வீட்டில் பெரிய ஜன்னலோடு வெளிச்சமான முன்னறை ஒன்று இருக்கிறது. அதில் ஐயாவின் பழைய டிக்கெட்டுகள், கிழிந்த மஃப்ளர்கள், யாரோ ஒரு ஆட்டக்காரர் தூக்கி எறிந்த ஒற்றைக்கால் பூட்ஸ் எல்லாம் குடியிருந்தன. சுவரின் நடுவே ஒரு வெறும் ஆணி. துறைமுகம் ஜெயிக்கும் அன்றைக்குக் கொடி மாட்டுவதற்காம். "அந்த அறையைக் கொடுங்களேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அது அறையில்லம்மா, வரலாறு" என்பார். வரலாற்றை ஒட்டடையோடு சேர்த்துப் பெருக்குவது மட்டும் அவள் வேலை.

கடையில் மதியம் மூன்று மணி வரை பிரச்சினையில்லை. அதற்குப் பிறகுதான் கண்டம். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார். ஐந்தரை மணிக்கு நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் தேம்பிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நீலம் துறைமுகத்தின் நிறம். ஆனந்தக் கண்ணீரா, அழுகைக் கண்ணீரா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடிக்காரர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, எனக்குத்தானே பரிசோதனை? நீங்க ஏன் கண்ணை மூடறீங்க?"

"நீ பாட்டுக்குப் படிப்பா. குரலை வச்சே பவர் சொல்லுவேன்."

அந்த ஆள் எழுந்து ஓடியே போய்விட்டான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் காதுப் பஞ்சையும் மீறி ஒரே ஹாரன் சத்தம். இரண்டு அணியும் இதே ஊர்தான் என்பதால் யார் அடிக்கும் ஹாரன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மழையில்லாத தெருவில் குடையை முகத்துக்கு நேரே பிடித்தபடி நடந்தார். எதிர்வீட்டு டாக்சிக்காரர் வாயைத் திறந்தார். இவர் உடனே அடித்தொண்டையில் பாட ஆரம்பித்தார். டாக்சிக்காரர் வாயை மூடிக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபம் துறைமுகத்துக்கா, தன் பாட்டுக்கா என்பது மட்டும் தெரியாமல் கண்ணாடிக்காரர் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் தாழ் போட்டார்.

"ஒண்ணும் சொல்லிடாதே!"

"நான் எதுக்குங்க சொல்றேன்? சத்தியம் சத்தியம்தான்."

ஆட்டம் ஆரம்பித்தது. இருபதாவது நிமிஷத்தில் ஆலை ஒரு கோல் போட்டது. நாற்பதாவது நிமிஷத்தில் இன்னொன்று. இடைவேளையில் கண்ணாடிக்காரர் சோபாவில் உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. கொட்டிக் கிடந்தார்.

ஆட்டம் மறுபடியும் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத் தையலம்மா மடியில் ஒரு துணியை வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசியும் நூலுமாக ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தைக்கறே?"

"அவசர வேலைங்க. நீங்க ஆட்டத்தைப் பாருங்க."

"நீலத்துணியா! நல்ல சகுனம். நீயாவது வேண்டிக்கோயேன்."

அவள் மடியிலிருந்த துணியைப் பார்த்தாள். டி.வி.யில் ஓடிய நிமிஷக் கணக்கைப் பார்த்தாள். அறுபது.

"சும்மா வேண்டினா யாருக்குங்க கேக்கும்? ஏதாவது நேர்ந்துக்கணும். நாளையிலேருந்து காலை டீ நான் போடறேன்னு சொல்லுங்க."

"நானா? சரி, ஒரு வாரம்."

"ஒரு வாரத்துக்குக் கார்னர்கூடக் கிடைக்காதுங்க."

"சரி, சரி! ஒரு வருஷம்!"

சொல்லி வாய் மூடவில்லை. துறைமுகத்தின் உயரமான ஆட்டக்காரன் எம்பித் தலையால் முட்டினான். கோல்! கண்ணாடிக்காரர் சோபா மேலே ஏறி நின்று கத்தினார். பிறகு மனைவியை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷமாக இவளைச் சாதாரணப் பெண் என்றல்லவா நினைத்திருந்தோம்!

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அறுபத்தெட்டாவது நிமிஷத்தில் தானாகவே நேர்ந்துகொண்டார். "தினமும் ராத்திரிப் பாத்திரம் நான் கழுவறேன்!"

பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று.

"ஏன் விழல?"

"அதை யாருங்க கேட்டா? நீங்க கழுவினா நான் மறுபடியும் கழுவணும். எனக்கே இஷ்டமில்லை, மேலே இருக்கறவருக்கு எப்படி இருக்கும்?"

நியாயமாகத்தான் பட்டது. "அப்போ நீயே சொல்லு."

அவள் அவசரப்படவில்லை. மெதுவாக ஊசியில் நூல் கோத்தாள். மடியைப் பார்த்தாள். எழுபத்தேழு.

"எங்கம்மா வந்து ரெண்டு மாசம் இருக்கட்டும்."

"ரெண்டு மாசமா? ஒரே ஒரு கோலுக்கா?"

"பரவாயில்லைங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னு தோத்தாலும் கௌரவமான தோல்விதான்."

"வரச் சொல்லு! நானே போய்க் கூட்டிட்டு வரேன்!"

வலது ஓரத்திலிருந்து ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். ஆலையின் கோல்கீப்பர் இந்தப் பக்கம் பாய, பந்து அந்தப் பக்கம் போயிற்று. இரண்டுக்கு இரண்டு! கண்ணாடிக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமியார் இரண்டு மாசம் தங்கப்போகிறார் என்பதற்காக ஆனந்தக் கண்ணீர் விட்ட மருமகன் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

தொண்ணூறு நிமிஷம் முடிந்தது. கூடுதலாக ஐந்து நிமிஷம் என்று பலகை காட்டினார்கள். ஆலை அணி வாசலுக்கே வந்து இடிக்கிறது. கண்ணாடிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏதாவது கேளும்மா. சீக்கிரம் கேளு!"

"வேண்டாங்க. கேட்டா மனசு கஷ்டப்படுவீங்க."

"கேளுன்னா கேளு!"

"முன்னறை."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்தொன்பது வருஷத்து டிக்கெட்டுகள். ஒற்றைக்கால் பூட்ஸ். ஆணி. தொண்ணூற்று ரெண்டு. தொண்ணூற்று மூணு.

"அறையை ஆளுக்குப் பாதியா வச்சுக்கலாமா?"

"விடுங்க. கட்டாயம் ஒண்ணுமில்ல." துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "அடுப்புல பால் வச்சிருக்கேன், போறேன்."

"எங்கே போறே? உக்காரு! இந்த நேரத்துல எழுந்து போவாங்களா? எடுத்துக்கோ! ஜன்னலோட, ஃபேனோட மொத்த அறையையும் எடுத்துக்கோ!"

அவள் உட்கார்ந்தாள். பந்து நடுவிலிருந்து கிளம்பியது. ஒருவன், இரண்டு பேர், மூன்று பேர். வழுக்கி விழுந்தவன் காலில் பட்டு, எழுந்தவன் முழங்காலில் பட்டு, உருண்டு, யோசித்து, கோட்டைத் தாண்டியது.

மூன்றுக்கு இரண்டு. பத்தொன்பது வருஷம்! கண்ணாடிக்காரர் குதித்தார். அழுதார். சோபாவைக் கட்டிக்கொண்டார், அப்புறம் ஞாபகம் வந்து மனைவியைக் கட்டிக்கொண்டார். இவ்வளவு சந்தோஷத்தை அந்த மனுஷர் தம் கல்யாணத்தன்றுகூடக் கண்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவ்வளவு பெரிய மனசு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

"நீதான் ஜெயிக்க வச்சே! கோச்சு அவன் இல்ல, நீதான்! அடடா, கொடி வாங்கலையே! ஆணி காத்துக்கிட்டு இருக்கே, இந்த நேரத்துல எந்தக் கடை திறந்திருக்கும்?"

"கொடிதானே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மடியிலிருந்த துணியை உதறி விரித்துப் பிடித்தாள். கடையில் தொங்கும் கண் பரிசோதனைப் பலகை மாதிரியே இருந்தது. மேலே பெரிய எழுத்தில்: துறைமுகம் சாம்பியன். அதன் கீழே கொஞ்சம் சின்னதாக: 3–2. கடைசி வரியில், பொடி எழுத்தில், வெள்ளை நூலில்: 61, 78, 94.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவர் அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தார்.

"இது... இது எப்போ..."

"அஞ்சு மணிக்குங்க. எதிர்வீட்டு டாக்சிக்காரர் ஓடி வந்தாரு. நாளைக்கு ஊர்வலமாம், கோல் விழுந்த நிமிஷமெல்லாம் கொடியில இருக்கணும்னு சீட்டுல எழுதியே கொடுத்தாரு. அவருக்கு ஒண்ணு தச்சு நீங்க வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். இது உங்க ஆணிக்கு."

"அப்போ உனக்கு முதல்லயே தெரியுமா? தெரிஞ்சுமா சொல்லல?"

"நல்லா இருக்கே! தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினது யாரு? நான் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன். இப்ப நீங்க வாங்க, மெஷினை அந்தப் பக்கம் பிடிங்க."