பிள்ளையார் ஏறிய ஜப்பான் முக்காலி

இனி நான் கலாரசிகன். இந்த முடிவை நான் எடுத்தது போன பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டிலில் படுத்தபடி. என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே படுத்தபடி எடுத்தவைதான். எழும்பியதும் அவற்றை என் மனைவி மங்கையற்கரசி மாற்றிவிடுவாள்.

இந்த முறை முந்திக்கொண்டேன். காலை நிலத்தில் வைக்குமுன்பே இணைய ஏலத்தில் ஒரு ஜப்பான் முக்காலியை வாங்கிவிட்டேன்.

லேசுப்பட்ட முக்காலி இல்லை. மூன்று மெல்லிய பலகைகளை வளைத்து, ஆணி தெரியாமல் சேர்த்துச் செய்தது. செய்த மேதையின் பெயரைச் சரியாக உச்சரிக்கவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது. அடிப்பக்கத்தில் அவருடைய சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. உயிரே அந்தச் சீட்டில்தான். சீட்டு இருந்தால் கலைப்பொருள், இல்லாவிட்டால் வெறும் பலகை.

ரூஜ் புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில் அதை வைத்து, மேலே ஒரு தனி லைற் போட்டேன். பிறகு சட்டத்தை அறிவித்தேன்.

“இஞ்சரும், உதில ஒருத்தரும் இருக்கக் கூடாது.”

“அப்ப ஏன் வாங்கினனியள்?”

“பார்க்கிறதுக்கு.”

“பார்த்திட்டன். இனி என்ன செய்யிறது?”

“திரும்பப் பார்க்கிறது.”

மங்கை என்னையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டில் எதைக் குப்பைக்கு வைக்கலாம் என்று யோசிக்கிற பார்வை.

“சாமி அலுமாரி ஒண்டு வாங்கித் தாங்கோ எண்டு ரெண்டு வருசமாக் கேக்கிறன். சாமியெல்லாம் துவாய் வைக்கிற கபேட்டுக்குள்ள நிக்குது. பிள்ளையாருக்கு மேல பெட்சீற். முருகனுக்குப் பக்கத்தில உங்கட குளிர்க் காலுறை. நீங்கள் என்னெண்டால் இருக்கக் கூடாத முக்காலிக்குக் காசைக் கொட்டுறியள்.”

“இது முதலீடு, மங்கை. நாள் போகப் போக விலை ஏறும். அலுமாரியை அடுத்த வருசம் பார்ப்பம்.”

“சரி” என்றாள்.

மங்கை சரி என்றால் பயப்பட வேண்டும். முப்பத்திரண்டு வருட அனுபவம் இருந்தும் அன்று நான் பயப்படவில்லை. புதிதாகக் கலாரசிகன் ஆனவனுக்குக் கண் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கம் நகரில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தேன். சாம்பிராணி மணம். மூலையைப் பார்த்தேன். என்னுடைய தனி லைற்றின் கீழே, என்னுடைய முக்காலியின் மேலே, பிள்ளையார் இருந்தார். சிவப்புப் பட்டுத்துணி விரித்து, செவ்வந்தி மாலை போட்டு, முன்னால் குத்துவிளக்கு வேறு.

“மங்கை! என்ன இது?”

“மெல்லக் கதையுங்கோ. ஐயர் பூசை செய்து வைச்சிட்டு இப்பதான் போறார்.”

“ஒருத்தரும் இருக்கக் கூடாதெண்டெல்லோ சொன்னனான்!”

“ஓம், சொன்னனியள். எழும்பச் சொல்லி நீங்களே அவரிட்டச் சொல்லுங்கோ.”

நான் பிள்ளையாரைப் பார்த்தேன். அவர் வலு வசதியாக இருந்தார். லைற் அவருக்கென்றே போட்டது போலப் பொருந்தியிருந்தது. நாற்பத்தெட்டு நாள் பூசை, அதுவரை அசைக்கக் கூடாது என்றாள் மங்கை.

“எண்ணெய் சிந்துமே!”

“அதுக்குத்தானே துணி விரிச்சிருக்கிறன்” என்றாள் கனிவாக. துணி முக்காலியை மூடி நிலம்வரை தொங்கியது. என் முக்காலிமேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தேவாரம் படிக்கும்போது கண் பிள்ளையாரில் நிற்காமல் விளக்கு எண்ணெயில் நின்றது. வியாழக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். விற்றுவிடுவது. வருகிற லாபத்தில் அதே மேதையின் சாய்மனைக் கதிரை ஒன்றை வாங்குவது. அதில் பிள்ளையாரை இருத்த முடியாது, சறுக்கிவிடுவார்.

நகரத்தில் பழைய தளபாடக் கடை வைத்திருக்கும் றொபேட்டை ஒரு கண்காட்சியில் சந்தித்திருந்தேன். இந்த மேதையின் சாமான் எது கிடைத்தாலும் நல்ல விலை தருவதாகச் சொல்லி விசிட்டிங் காட் தந்திருந்தார். அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தேன். ‘என்னிடம் ஒரு முக்காலி இருக்கிறது, ஞாயிறு காலை வாருங்கள்’ என்று வீட்டு முகவரியோடு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘என்ன ஆச்சரியம்! கட்டாயம் வருகிறேன்’ என்று பதில் வந்தது. அந்த ஆச்சரியத்தை என் ரசனைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையாருக்கும் வழி வைத்திருந்தேன். ஸ்காபரோவில் ஒரு கடையில் அதே தோற்றத்தில் போலி முக்காலிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒன்றை வாங்கிக் காரின் பின்பெட்டிக்குள் ஒளித்தேன். ஞாயிறு காலை மங்கை கோயிலுக்குப் போவாள். துணிக்குக் கீழே எது நிற்கிறது என்று யாருக்குத் தெரியப் போகிறது?

ஞாயிறும் வந்தது. மங்கை போனாள். நான் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசிக்கொண்டு பிள்ளையாரின் முன்னால் நின்றேன். களவுதான், ஆனால் ஆசாரமான களவு.

“பிள்ளையாரப்பா, ஒரு நிமிசம் எழும்புங்கோ. உங்களுக்குப் புதுசு தாறன்.”

அவரைத் தூக்கி மேசையில் வைத்தேன். முக்காலியை எடுத்தேன். போலியை வைத்துத் துணியை விரித்து அவரைத் திரும்ப இருத்தினேன். மூன்று தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாவதில் முழங்கால் சத்தம் போட்டது.

வாசல் மணியும் சத்தம் போட்டது. றொபேட். நெடிய மனிதர். சப்பாத்தைத் தானாகவே சரியான மூலையில் கழற்றிவிட்டு நேரே வரவேற்பறைக்கு நடந்தார். முதல்முறை வருகிறவருக்கு எங்கள் வீடு இவ்வளவு பழக்கமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம்தான்.

முக்காலியை இரு கையாலும் நீட்டினேன். அவர் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். பிறகு அடிப்பக்கத்தை எனக்குக் காட்டினார். மேதையின் சீட்டைக் காணவில்லை. ஸ்காபரோக் கடையின் விலைச்சீட்டு இருந்தது.

பதற்றத்தில் மாறி எடுத்துவிட்டேனாக்கும்! ஓடிப்போய்ப் பிள்ளையாரை இரண்டாம் முறை எழுப்பினேன். இந்த முறை மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மற்ற முக்காலியைக் கவிழ்த்தேன்.

அதே கடை. அதே சீட்டு.

றொபேட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். “எனக்கு விளங்கவில்லை, மிஸ்டர் நாதன். உண்மையானதை உங்கள் மனைவி புதன்கிழமையே எனக்கு விற்றுவிட்டாரே. இதே முகவரியிலிருந்து நீங்கள் எழுதியதும், சோடியில் மற்றது உங்களிடம் இருக்கிறது என்று நினைத்து ஓடிவந்தேன்.”

பிள்ளையாரைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றேன். எங்கள் இருவருக்கும் இருக்க இடமில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. இரண்டு பேர் தேக்குமரச் சாமி அலுமாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். உச்சியில் கோபுரம், கதவெல்லாம் மணி. பின்னால் அருச்சனைத் தட்டோடு மங்கை. றொபேட்டைப் பார்த்து, பழகின ஆளைப்போலத் தலையாட்டினாள். அவரும் தலையாட்டிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெகுவேகமாகப் போய்விட்டார்.

“மங்கை… என்ர முக்காலி…”

“விலை ஏறும் எண்டு சொன்னனியள். ஏறிச்சுது, வித்தன். அந்தாளின்ர விசிட்டிங் காட்டைப் பிறிட்ஜில ஒட்டி வைச்சதும் நீங்கள்தானே.”

“பிள்ளையாரை நாற்பத்தெட்டு நாள் அசைக்கக் கூடாதெண்டனீர்?”

“ஐயரைக் கேட்டுத்தான் செய்தனான். அலுமாரிக்குப் போறதெண்டால் பரவாயில்லையாம்.” என் கையைப் பார்த்தாள். “நீங்கள் ஆரைக் கேட்டு அவரைத் தூக்கினனியள்?”

நான் பிள்ளையாரை அவளிடம் கொடுத்தேன். அவள் அவரை அலுமாரியின் நடுவில் வைத்தாள். உண்மையைச் சொன்னால், அங்கே அவர் இன்னும் நன்றாக இருந்தார். ஆனாலும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

“உம்மட முக்காலி என்ன விலை?” என்று இரண்டு போலிகளையும் காட்டிக் கேட்டேன்.

“உங்கட விலையில பாதி. நான் சேலில வாங்கினனான்.”

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் அடுக்கினேன். பிறகு ஆறுதலுக்காகக் கேட்டேன். “றொபேட் அதைப் பார்த்திட்டு என்னதான் சொன்னவர்?”

“மனிசனுக்கு வலு சந்தோசம். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தி நாலாம் ஆண்டுச் சாமான், கிடைக்கிறதே அருமையாம். நீங்களும் அறுபத்தி நாலிலதானே பிறந்தனியள் எண்டு உங்கட படத்தையும் காட்டிப் பார்த்தன்.”

“அதுக்கு?”

“கீறல் கூடிப் போச்சாம். வேண்டாமெண்டிட்டார்.”