ரப்பர் கீபோர்டில் ஒரு மீட்டிங்

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. (வயதானால் குறைந்துவிடும் என்றார்கள். குறையவில்லை.) தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர், இரண்டிலும் பர்ஸ்ட் கிளாஸ்.

எங்கள் இன்ஸ்டிடியூட் மாஸ்டர், மெஷினில் உட்கார்ந்ததும் எங்கள் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். கீயைப் பார்க்கக் கூடாது, அடிக்கிற தாளையும் பார்க்கக் கூடாது. எழுத்து விழுந்ததா இல்லையா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அப்படி வளர்ந்த விரல்கள் கம்ப்யூட்டருக்கு வந்தால் என்ன ஆகும்? அடி விழும். எத்தனையோ கீபோர்டுகளை நான் பரலோகம் அனுப்பியிருக்கிறேன்.

நெய்வேலியில் சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த புதிது. நடந்தது ஆண்ட்ராய்டு போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருடங்களில். “கொஞ்ச நாள் பார்க்கலாம், சரியா வந்தா வெச்சுக்கறோம்” என்றுதான் எடுத்திருந்தார்கள். அந்த வேலை நிலைக்க வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். “ஏம்மா, நீ அடிக்கிறப்ப போன் பேசினா அங்க மழையான்னு கேக்கறாங்க. அடுத்த வாரம் ஆளுங்களோட மீட்டிங். நீதான் மினிட்ஸ் எடுக்கணும். சத்தம் வராத கீபோர்டா ஒண்ணு பார்த்து வாங்கிக்க.”

மினிட்ஸ் என்றால் யார் யார் என்ன பேசினார்கள் என்ற குறிப்பு. அது நன்றாக வந்தால் வேலை நிரந்தரம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்கார பாய் கண்ணாடி மேஜை மேல் கீபோர்டுகளைப் பரப்பினார். நான் ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்து அடித்துப் பார்த்தேன். மின்விசிறி இடைஞ்சலாக இருந்தது, நிறுத்தச் சொன்னேன். ரீசார்ஜ் செய்ய வந்தவர்களிடம் கொஞ்சம் பேசாமல் இருக்கும்படி கேட்டுக்கொண்டேன். கடையே வியர்த்துக்கொண்டு நின்றது. பாய் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இது அடங்கின சத்தம், தினமும் அடிக்கிற கைக்கு நோகாது என்றார். அடங்கின சத்தமும் சத்தம்தானே என்று தள்ளிவிட்டேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். முழுக்க ரப்பர். சப்பாத்தி போல் சுருட்டி டப்பாவில் வைத்திருந்தார்கள். அடித்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. விரலுக்கு அப்படி ஒரு சுகம். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஹையர் பாஸ் செய்தவள் என்பதைத் தெரிவித்தேன். உடனே பில் போட்டார்.

மீட்டிங் அன்று என் கம்பீரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆட்கள் தரப்பில் பேசியவர் காடாம்புலியூர் குமரவேல். அவருடைய பூட்ஸ் முனை கிழிந்து கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. எல்லாருக்கும் அதே கதி, புது பூட்ஸ் வேண்டும், இதோடு சேற்றில் இறங்க முடியவில்லை என்று பேசினார். மேனேஜர் பதில் சொன்னார், நடுநடுவே செல்போனைப் பார்த்தார், மறுபடி பதில் சொன்னார். நான் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பேசுகிறவர்களின் வாயையே பார்த்தபடி விரல்களை ஓட்டினேன். துளி சத்தம் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். வேலை நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு திரையைப் பார்த்தேன். அதில் இருந்தது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அந்த ரப்பரை ஆழமாக அமுக்கினால்தான் எழுத்து விழுமாம். சத்தம் வரக் கூடாதே என்று நான் தடவிக்கொடுத்ததில் பாதி எழுத்து விழவே இல்லை. விழாததைச் சொல்லவும் சத்தம் இல்லை.

ஞாபகத்திலிருந்து எழுதலாமே என்பீர்கள். ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன்: நல்ல டைப்பிஸ்டுக்குக் காதில் விழுவது நேராக விரலுக்குப் போய்விடும், மூளைப் பக்கம் எட்டியே பார்க்காது. ஒரு வார்த்தை நினைவில்லை. மறுநாள் காலை மினிட்ஸ் மேனேஜர் மேஜையில் இருக்க வேண்டும். அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். குமரவேல் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தை முழுசாகச் சொல்லாமல், பூட்ஸ் பற்றி சார் என்ன சொன்னார், ஒருதரம் சரிபார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

“இந்த மாசத்துக்குள்ள எல்லாருக்கும் புதுசு தரேன்னு சொன்னாருக்கா. நீங்கதான எதிர்ல குந்திகினு அடிச்சிகினு இருந்தீங்க?” என்றார்.

நானேதான். மறுக்க முடியுமா? மற்ற விஷயங்களையும் அவரே சொல்லி முடித்தார். ஆபீசுக்குத் திரும்பி, பழைய கீபோர்டில் படபடவென்று அடித்து முடித்தேன்.

காலையில் மேனேஜர் படித்துக்கொண்டே வந்தார். பூட்ஸ் வந்த இடத்தில் நின்றார்.

“இத நான் சொன்னேனா?”

அவர் செல்போனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நேத்து முழுக்க நீ எங்க வாயையே பார்த்து அடிச்சிட்டு இருந்தியேம்மா.”

“ஆமாங்க சார்.”

“அப்ப சொல்லியிருப்பேன்” என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதமே பூட்ஸ் வந்தது. குமரவேல் என் மேஜைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டிவிட்டுப் போனார். என்னையும் நிரந்தரமாக்கினார்கள். ரப்பர் கீபோர்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். “சத்தம் கேட்டாதான் நான் வாயைத் திறக்கறப்ப ஜாக்கிரதையா இருப்பேன்” என்றார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஒரு ஆபீசையே அளந்து பேச வைத்த விரல்கள் என்னுடையவை.

வீட்டில் இதைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு, அல்லது புத்திசாலித்தனம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் “நான் எப்ப சொன்னேன்?” என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தால் போதும், பிள்ளைகள் இரண்டும் என் பக்கம் திரும்பும். நான் சாப்பாட்டு மேஜையில் பத்து விரலையும் வைத்து ஒரு வரி தட்டுவேன். இவர் பெருமூச்சு விட்டு, “அப்ப சொல்லியிருப்பேன்” என்பார்.

இப்படித்தான் பையனுக்குச் சைக்கிள் வந்தது. போன வாரம் எனக்கு மிக்சி வந்திருக்கிறது. அவர் வாங்கித் தருவதாகச் சொன்னாரா இல்லையா என்று, சத்தியமாக, எனக்குத் தெரியாது.